பெயரிலேயே இருக்கிறது ரகசியம்

கோயமுத்தூருக்கு விருந்தாளிகள் வந்தால் எங்கே அழைத்துப் போகிறோம்? காலையில் மருதமலை, வெயில் தாழ்ந்ததும் பேரூர், மறுநாள் ஊட்டிக்குப் பஸ். நடுவில் ஒரு மாலைப் பொழுது மிஞ்சுமே, அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. குழந்தைகள் சினிமா என்கும். நாத்தனாருக்குப் புடவைக் கடை. பாட்டிக்குக் கோனியம்மனைக் கும்பிட்டாக வேண்டும். "எங்கேயாவது நல்ல காபி கிடைத்தால் போதும்" என்பார் வீட்டுக்காரர்.

நாலு பேருடைய ஆசையையும் ஒரே நடையில் தீர்த்து வைக்கிற இடம் பெரும்பாலும் ஊரின் நடு மையத்தில்தான் இருக்கும். கோவையில் அது டவுன் ஹால். பிரகாசம் பஸ் நிறுத்தத்தில் இறங்குங்கள். 1892-ல் கட்டி முடிந்த விக்டோரியா ஹால் கம்பீரமாக நிற்கிறது. மாநகராட்சி மாமன்றம் கூடுகிற இடம் அதுதான். கூப்பிடு தூரத்தில் கோனியம்மன் கோயில். ஒப்பணக்காரர் வீதிக்குத் திரும்பினால் ஜவுளிக் கடைகள். அதே வீதியில் அத்தர் ஜமாத் பள்ளிவாசல். பெரிய கடை வீதியில் புனித மைக்கேல் தேவாலயம். ராஜ வீதியில் நகைக் கடைகள். ரங்கே கவுடர் வீதியில் மளிகை மொத்த வியாபாரம். அங்கே மிளகாய் மூட்டை இறக்குகிற நேரத்தில் போனால் தும்மாமல் திரும்ப முடியாது!

இத்தனைக்கும் நடுவில் வெரைட்டி ஹால் ரோடு என்று ஒரு வீதி. அது என்ன பெயர் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார்.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1883-ல் கோயமுத்தூரில் பிறந்தவர். திருச்சியில் ரயில்வே உத்தியோகம். 1905-ல் தூப்போன் என்ற பிரெஞ்சுக்காரர் சலனப்படம் காட்டிக்கொண்டு ஊர் ஊராக வந்தார். உடம்புக்கு முடியாமல் போகவே, கருவியையும் படங்களையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப நினைத்தார். வின்சென்ட் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து அவற்றை வாங்கிக்கொண்டார். ரயில்வே குமாஸ்தாவுக்கு அந்த நாளில் அது எவ்வளவு பெரிய தொகை என்று நினைத்துப் பாருங்கள். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்களோ! உத்தியோகத்தை விட்டுவிட்டு, கூடாரம் அடித்துப் படம் காட்டியபடி வடக்கே பெஷாவர் வரை போய் வந்தார் மனிதர். அப்புறம் 1914-ல் சொந்த ஊரில் நிலையான கொட்டகை கட்டினார். தென்னிந்தியாவில் எழுந்த முதல் நிரந்தர சினிமாக் கொட்டகைகளில் அது ஒன்று. அதற்கு அவர் வைத்த பெயர்தான் வெரைட்டி ஹால்.

நமக்கு வேண்டிய சங்கதி இனிமேல்தான் வருகிறது. பைக்காரா நீர்மின்சாரம் கோவைப் பக்கம் வந்தது 1930-களில். 1914-ல் கொட்டகைக்கு ஏது கரண்டு? வின்சென்ட் சொந்தமாக மின்சார இயந்திரம் வைத்துக்கொண்டார். ஆனால் படம் ஓடுவது இரவில். பகலெல்லாம் இயந்திரம் சும்மா அல்லவா கிடக்கும்? அவர் அதை விடவில்லை. மின்சாரத்தில் ஓடும் அச்சகம் ஒன்று தொடங்கினார். அரிசி ஆலையும் வைத்தார். இரவில் சினிமா, பகலில் அச்சும் அரிசியும்!

சிக்கனமான குடும்பத் தலைவி செய்கிற காரியம்தான் இது. காலையில் இட்லிக்கு மூட்டிய அடுப்பில் தணல் இருக்கும்போதே பருப்பை வேகப் போட்டுவிடுகிறோம் இல்லையா? ஆனால் ஒரு கடை வீதிக்கும் இதே கணக்குத்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சினிமாக் கொட்டகையைத் தனியாக எடுத்துப் பாருங்கள். காட்சி தொடங்கக் கால் மணி இருக்கும்போது ஜனங்கள் திமுதிமுவென்று வருகிறார்கள். அப்புறம் இரண்டரை மணி நேரம் வாசலில் ஈ, காக்கை கிடையாது. விட்டதும் பத்தே நிமிஷத்தில் கூட்டம் கலைந்துவிடுகிறது. இதை நம்பி யார் எதிரில் ஹோட்டல் வைப்பார்கள்? வைத்தாலும், தோசை வார்ப்பவர் பாதி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஜவுளிக் கடை மட்டும் உள்ள வீதிக்கு ஆடியிலும் தீபாவளியிலும் மூச்சு முட்டும்; மற்ற நாளில் சோம்பல். ஆபீஸ் மட்டும் உள்ள வீதி ஆறு மணிக்கு மேல் இருட்டு.

1964-ல் சென்னை மவுண்ட் ரோடில் வந்த சபையர் வளாகத்தார் இந்தச் சங்கடத்துக்கு ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். ஒரே கட்டடத்தில் சபையர், ப்ளூ டைமண்ட், எமரால்டு என்று மூன்று அரங்குகள். அதில் ப்ளூ டைமண்டில் படம் இடைவிடாமல் ஓடும். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரலாம். கூட்டம் ஒரே நேரத்தில் குவியாமல் நாள் முழுவதும் சிதறி வரும். வளாகம் இடிபட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. யுக்தி மட்டும் நல்ல யுக்திதான்.

இதையே இன்னும் விரிவாகச் சொன்னவர் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க அம்மையார். நகர அமைப்புக்குப் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல. நியூயார்க்கில் ஹட்சன் தெருவில் குடியிருந்துகொண்டு, தம் வீட்டு வாசலில் யார் எப்போது வருகிறார்கள், போகிறார்கள் என்று கூர்ந்து பார்த்தவர். அமெரிக்க நகரங்களின் வாழ்வையும் சாவையும் பற்றி 1961-ல் அவர் எழுதிய புத்தகத்தை நகர அமைப்பு நிபுணர்கள் இன்றும் படிக்கிறார்கள். அவர் சொன்னது இதுதான்: வெவ்வேறு காரியத்துக்காக, வெவ்வேறு நேரத்தில் ஜனங்கள் வந்தபடி இருந்தால்தான் தெரு உயிரோடு இருக்கும். கட்டடங்களில் புதியதும் பழையதும் கலந்திருக்க வேண்டும். ஏன்? பெரிய வியாபாரம் புதுக் கட்டட வாடகையைத் தாங்கும். சின்னக் கடை தாங்காது. அந்தத் தெருவாசிகள் விருந்தாளிக்காக வீட்டுச் சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்து வைப்பார்களாம். தெருவில் கடைக்காரரின் கண் இருக்கும்வரை, போலீஸ்காரர் இல்லாமலே பாதி பயம் போய்விடும் என்பது அவர் கட்சி.

நம் டவுன் ஹாலில் நடப்பதும் இதுதானே! காலையில் கோயில் மணி. பத்து மணிக்கு மாநகராட்சிக்கும் பாங்குக்கும் வருகிறவர்கள். பகலில் மொத்த வியாபாரிகளும், பட்டறையிலிருந்து நகை எடுத்து வருகிற பொற்கொல்லர்களும். மாலையில் கல்யாண ஜவுளி எடுக்கச் சுற்றுக் கிராமங்களிலிருந்து இறங்குகிற குடும்பங்கள். கோவையில் மில்கள் மும்முரமாக ஓடிய காலத்தில், ஷிப்டு முடிந்து இரண்டாவது ஆட்டத்துக்கு வருகிறவர்கள். இது போதாதென்று, கடைகளுக்குப் பின்னால் சந்துகளில் குடியிருப்பவர்கள் வேறு. மாசி மாதம் கோனியம்மன் தேர் ராஜ வீதியில் புறப்பட்டால் எல்லாரும் ஒன்றாகக் கூடிவிடுகிறார்கள்.

இதில் எந்தக் கடைக்கும் தன் கூட்டம் மட்டும் கூட்டம் அல்ல. கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாளைப் பாருங்கள். "ஏனுங் அம்மிணி, கோயலுக்குங்களா, சினிமாவுக்குங்களா? எங்க போனாலும் பூ வேணுமில்லீங்?" என்று கேட்டுக்கொண்டே நாலு முழத்தை அளந்துவிடுவார். பக்தர் வந்தாலும் வியாபாரம். படம் பார்க்க வந்தாலும் வியாபாரம். முகூர்த்தப் புடவைக்கு வந்தாலும் வியாபாரம். தள்ளு வண்டியில் காளான் விற்பவருக்கும் அப்படியே. (பெயர்தான் காளான், வண்டிக்கு வண்டி முக்கால்வாசி முட்டைக்கோஸ் என்பது கோவையில் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் விடுவோமா?)

இப்போது புதிய மால்களுக்கு வருவோம். 2009-ல் புரூக்ஃபீல்ட்ஸ், 2017-ல் சரவணம்பட்டியில் புரோசோன் என்று கோவையிலும் வந்துவிட்டன. அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்குத்தான் மின்தூக்கியின் அருமை தெரியும். சுத்தமான கழிப்பறை, உட்கார ஒரு பெஞ்சு, வாசலில் காவலர். பழைய கடை வீதிகள் நூறு வருஷமாகப் பெண்களுக்குச் செய்து தராத வசதியை மால் முதல் நாளிலேயே செய்து கொடுத்துவிட்டது.

மாலிலும் கலவைக் கணக்கு உண்டு. சினிமாவையும் சாப்பாட்டையும் பெரும்பாலும் மேல் மாடியில் வைப்பார்கள். ஏறி இறங்குகிற வழியில் மற்றக் கடைகள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. இந்தக் கலைக்கு ஆதிகர்த்தா, வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய விக்டர் குரூன். 1956-ல் மினியாபொலிஸ் அருகே சவுத்டேல் என்ற மாலை அமைத்தார். அதைச் சுற்றி வீடுகள், பள்ளிக்கூடம், வைத்தியசாலை எல்லாம் வந்து ஒரு சின்ன ஊராகிவிடும் என்பது அவர் கனவு. அவருடைய யோசனையில் கடையை மட்டும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை விட்டுவிட்டார்கள். வயதான காலத்தில் அவரே மால்களைக் கண்டு மனம் கசந்து, அவை தம் பிள்ளைகளே அல்ல என்று சொல்லும்படி ஆயிற்று.

நம் ஊர் அரிசிம்பருப்புச் சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் பங்கு அரிசியும் பருப்பும்தான். ஆனால் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் இல்லாமல் இறக்கிப் பாருங்கள், யார் சாப்பிடுவார்கள்? பெரிய ஜவுளிக் கடையும் சினிமாவும் அரிசியும் பருப்பும். பூக்காரி, தையல்காரர், கடிகாரம் பழுது பார்ப்பவர், வளையல் கடை, பால்கடை இவையெல்லாம் வெங்காயமும் பூண்டும். மாலில் அரிசிக்கும் பருப்புக்கும் குறைவில்லை. அந்த வாடகைக்குத் தையல்காரர் எங்கே போவார்?

டவுன் ஹாலுக்கும் கவலை இல்லாமல் இல்லை. வெரைட்டி ஹால் பிற்பாடு டிலைட் என்று பெயர் மாறி நெடுங்காலம் நடந்தது. இன்று அங்கே படம் ஓடுவதில்லை. ஒரு கொட்டகை போனால் படம் மட்டுமா போகிறது? இரண்டாவது ஆட்டத்தை நம்பி விழித்திருந்த டீக்கடை முன்னதாகவே அடுப்பை அணைக்கிறது. டீக்கடை விளக்கு அணைந்தால், ஜவுளிக் கடையில் நாள் முழுவதும் நின்று வேலை பார்த்துவிட்டு ஒன்பது மணிக்கு மேல் வீடு திரும்புகிற பெண், பஸ் நிறுத்தம் வரை இருட்டில் நடக்க வேண்டும். அவர்கள் உட்கார ஆசனம் தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. அதே ஆண்டில் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் வந்தது. ஆசனமும் வந்தது, பஸ்ஸும் வந்தது. இரண்டுக்கும் நடுவில் உள்ள அரை பர்லாங் தெருவில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் வேண்டாமா?

ஆகவே, பழைய கொட்டகை இருந்த இடங்களில் அடுத்து என்ன வரப் போகிறது என்பது சினிமா ரசிகர்களின் கவலை மட்டும் அல்ல. கிடங்காகப் போனால் மாலை ஆறு மணிக்குப் பூட்டு. கீழே சின்னக் கடைகள், மேலே ஒரு சிறு நாடக அரங்கு, பக்கத்தில் சிற்றுண்டிச் சாலை, பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை என்று வந்தால் வீதி பத்து மணி வரை கண் விழித்திருக்கும். கேட்க வேண்டியவர்கள் நாம்தாம். வார்டு உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வரும்போது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர்க் கடை வீதி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். அங்கே பூ விற்கிற அம்மாள் எத்தனை மணிக்குக் கூடையைத் தலையில் ஏற்றுகிறார் என்று கவனியுங்கள். எட்டு மணிக்கே கிளம்பிவிட்டால் ஏதோ குறைகிறது. பத்து மணிக்கும் உட்கார்ந்திருந்தால், நீங்களும் உங்கள் பெண்ணும் தைரியமாக இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு நடந்து வரலாம். வரும்போது இரண்டு முழம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் விலையும் குறைத்துத்தான் கொடுப்பார்.