தண்டட்டி வித்த கதை

மாசி சிவராத்திரி வந்தா திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் பஸ்ஸுல நிக்க இடமிருக்காது. சென்னை, கோயம்புத்தூர், திருப்பூர்னு பிழைக்கப் போன பங்காளிக எல்லாம் குலசாமி கோயிலுக்கு வந்து சேருவாக. சாமிப் பெட்டி வந்து, பூசை முடிஞ்ச பிறகும் விடியிற வரைக்கும் தூங்கக் கூடாது. அந்த முழிப்புக்குத் துணை கதைதான். அதுல புராணம் கொஞ்சம். மிச்சமெல்லாம் அவரவர் பட்ட பாடு.

சின்னப் பையனா அந்த ராத்திரியில நான் தாத்தாகிட்ட கேட்டது ரேகைச் சட்டக் கதை. குற்றப் பரம்பரைச் சட்டத்தை எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவாக. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மாட்டோம்னு நின்ன சனங்களைப் போலீஸ் சுட்டுக் கொன்னதும், 1947ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிஞ்சதும் புத்தகத்தில் இருக்கு. தாத்தா கதை எந்தப் புத்தகத்திலயும் இல்லை. பேர் பதிஞ்ச ஆம்பளைக ராத்திரி கச்சேரியில போய்ப் படுக்கணும். வெளியூர் போகணும்னா ராத்திரிச் சீட்டு வேணும். வீட்டுல பசு கன்னு போட முடியாமத் தவிச்ச ராத்திரி, இவர் கச்சேரித் திண்ணையில படுத்துக் கிடந்திருக்கார். விடிஞ்சு வந்து பார்த்தா மாடும் இல்லை, கன்னும் இல்லை. "சட்டம்னா என்னான்னு அன்னைக்குத்தான்டா தெரிஞ்சது"ம்பார்.

இதை என் மகன்கிட்ட சொன்னப்ப, அமெரிக்காவுலயும் இப்படி ஒண்ணு இருக்குன்னான். ஜார்ஜ் டாஸ் கிரீன்னு ஒரு நாவலாசிரியர் 1997ல் நியூயார்க்கில் ஆரம்பிச்சாராம். பேரு 'தி மாத்'. விட்டில் பூச்சின்னு அர்த்தம். ஜார்ஜியாவுல கூட்டாளி வீட்டுத் திண்ணையில கதை பேசின ராத்திரிகள்ல விளக்கைச் சுத்தின பூச்சிகளை நினைச்சு வச்ச பேரு. சொந்தக் கதையா இருக்கணும், நடந்ததா இருக்கணும், கையில காகிதம் கூடாது. அவ்வளவுதான் அங்க விதி.

எங்க கோயில்லயும் அதே விதிதான். ஒரே ஒரு வித்தியாசம். அங்க கேக்குறவுக பெரும்பாலும் முன்பின் தெரியாதவுக. இங்க உக்காந்திருக்கிறவுக கூடவே இருந்து பார்த்தவுக. கொஞ்சம் கூட்டிச் சொன்னா, "ஏப்பா, அன்னைக்கு ஏது மழை?"ன்னு ஒரு குரல் வந்துரும்.

ஆனா பொம்பளைக குரல் வராது. அவுக அடுப்புப் பக்கம் தனியா இருப்பாக. அவுக பட்டதெல்லாம் இழவு வீட்டு ஒப்பாரியில வந்தாத்தான் உண்டு.

எங்க பெரியப்பா வருசா வருசம் சொல்றது கிணறு வெட்டின கதை. நாப்பது அடியில பாறை, வேட்டு வச்சு வச்சு உடைச்சது, அறுபது அடியில ஊத்துக்கண் திறந்தது. இந்த வருசம் அவர் முடிச்சதும் அடுப்படியில இருந்து பெரியம்மா கேட்டாக: "பாறைக்கு வேட்டு வச்சீக, சரி. வேட்டுக்குக் காசு ஏது? அதையும் சொல்லுங்க."

யாரும் பேசல. பிறகு அவுகளே சொன்னாக. காதுல கிடந்த ரெண்டு தண்டட்டியையும் கழட்டித் திருமங்கலத்துல வித்திருக்காக. வெறுங்காது தெரியக் கூடாதுன்னு முந்தானையால மூடிக்கிட்டே களையெடுக்கப் போயிருக்காக. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு, காய்ச்சல்னு சொல்லிப் போகாமலே இருந்துட்டாக. கிணத்துல தண்ணி வந்த அன்னைக்கு மாலை விழுந்தது பெரியப்பா கழுத்துல.

பெரியப்பா கொஞ்ச நேரம் மண்ணைப் பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம், "அவ சொல்றது சத்தியம். அது அவ ஆத்தா போட்ட சீரு"ன்னார்.

நான் அந்தக் கிணத்துல நீச்சல் பழகினவன். அந்தத் தண்ணியைப் பருத்திக்குப் பாய்ச்சினவன். தண்ணிக்கு விலை கொடுத்தது யாருன்னு இந்த மாசியிலதான் தெரிஞ்சது. கூடப் பட்டவுக முன்னால சொன்னாத்தான் ஒரு கதை முழுசாகுது.

இப்பல்லாம் பூசை முடிஞ்சதும் பாதிக் கார் கிளம்பிருது. அடுத்த சிவராத்திரிக்கு ஊருக்கு வந்தா விடியிற வரைக்கும் இருங்க. ஆம்பளைக கதை ஓஞ்சதும் அடுப்புப் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க அப்பத்தா"ன்னு கேளுங்க. எங்க பெரியம்மாவுக்கு எண்பது ஆயிருச்சு. இன்னும் நிறைய இருக்குன்னு சொல்லியிருக்காக.