தள்ளுகிற காரா, இழுக்கிற காரா? திண்டிவனம் – விழுப்புரம் சாலையில் ஒரு கணக்கு

திண்டிவனத்துக்கு அந்தப் பெயர் புளியங்காட்டால் வந்தது என்பார்கள். வடமொழியில் 'திந்திரிணி' என்றால் புளி. திந்திரிணி வனம் வாயில் புரண்டு திண்டிவனம் ஆனதாம். சாலையோரம் குடை பிடித்து நின்ற புளியமரங்களில் பெரும்பகுதியை நான்கு வழிச்சாலை விழுங்கிவிட்டது. மிச்சம் இருப்பவற்றைப் பார்க்க வேண்டுமானால் கிளைச் சாலைகளுக்குள் போக வேண்டும்.

சென்னையிலிருந்து தெற்கே கிளம்பும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த ஊரைத் தொட்டுத்தான் போகின்றன. இங்கே புதுச்சேரிக்கு ஒரு சாலை, செஞ்சிக்கு ஒரு சாலை, மரக்காணத்துக்கு ஒரு சாலை எனப் பிரிகிறது. நேராகப் போனால் சுமார் 40 கிலோமீட்டரில் விழுப்புரம். வழியில் கூட்டேரிப்பட்டில் மயிலம் முருகன் கோயிலுக்குத் திருப்பம் வரும். விக்கிரவாண்டியில் டோல்கேட். கும்பகோணம், தஞ்சாவூர் போகிறவர்களும் அங்கேதான் பிரிவார்கள். அதைத் தாண்டினால் முண்டியம்பாக்கம். சர்க்கரை ஆலையும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அங்கே இருக்கின்றன.

டி.என். 16 திண்டிவனம், டி.என். 32 விழுப்புரம். இந்த இரண்டு நம்பர் பிளேட்டுகளில் இப்போது அடிக்கடி கண்ணில் படுவது இரண்டு விதமான கார்கள். ஒன்று, பத்து வயதைத் தொட்ட பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ். இன்னொன்று, பளபளவென்று புத்தம் புதிதாக வரும் ஹூண்டாய் ஐ20 என் லைன் போன்ற 'ஹாட் ஹேட்ச்' ரகம். முதலாவது பின்சக்கரம் தள்ளுகிற ஸ்போர்ட்ஸ் செடான். இரண்டாவது முன்சக்கரம் இழுக்கிற துடிப்பான குட்டிக் கார். விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்க வேண்டிய இரண்டும், பழைய கார் சந்தையின் புண்ணியத்தில் ஏறத்தாழ ஒரே பட்ஜெட்டில் வந்து நிற்கின்றன. கல்யாணமாகி, கையில் ஒரு குழந்தை, வீட்டில் அப்பா அம்மா, ஈ.எம்.ஐ.க்கு பேங்க் தயார் என்றிருக்கும் இளைஞருக்கு இது சின்னக் குழப்பம் இல்லை. அநேகமாக வீட்டுக்கு அடுத்தபடியாக அவர் வாழ்க்கையில் செய்யும் பெரிய செலவு இதுதான்.

இரண்டுமே தமிழ்நாட்டுப் பிள்ளைகள் என்பதுதான் வேடிக்கை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மகிந்திரா சிட்டியில் 2007-ல் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை திறந்தபோது அங்கே முதலில் உருவானது 3 சீரிஸ்தான். திண்டிவனத்துக்குப் போகும் அதே ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது அந்த ஆலை. ஐ20 வருவது ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து. 1998-ல் சான்ட்ரோவைப் பெற்றெடுத்த அதே ஆலை. என் லைன் 2021-ல் வந்தது.

பின்சக்கர ஓட்டம் ஒன்றும் நமக்குப் புதிதல்ல. அம்பாசிடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாமே பின்சக்கரம் தள்ளிய வண்டிகள்தான். 1980-களில் மாருதி 800 வந்த பிறகுதான் ஊரெல்லாம் முன்சக்கரத்துக்கு மாறியது. அதே காலத்தில் வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனி, இங்கிலாந்தின் ரோவர் காரின் உடம்பை எடுத்து 'ஸ்டாண்டர்டு 2000' என்று 1985-ல் ஒரு காரை விட்டது. பின்னால் முழுக்கதவு திறக்கும் ஹேட்ச்பேக், ஓட்டமோ பின்சக்கரம். இன்றைய குழப்பம் இரண்டுக்கும் ஒரே வண்டியில் விடை! ஆனால் உள்ளே வைத்தது பழைய காலத்து இன்ஜின். பெட்ரோலைக் குடித்தது, விலையும் அதிகம். சில வருடங்களிலேயே மூடுவிழா நடந்தது. அழகான உடம்பை மட்டும் நம்பி கார் வாங்கக் கூடாது என்று ஜி.எஸ்.டி. சாலைக்கு முதலில் சொன்ன கார் அதுதான்.

உலகத்திலும் இந்த இரண்டு ரகமும் கிட்டத்தட்ட இரட்டையர்கள். முதல் 3 சீரிஸ் 1975-ல் வந்தது. ஹாட் ஹேட்ச் என்ற சொல்லுக்கே அடையாளமான ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. அதே வருடம் ஃபிராங்பர்ட் கண்காட்சியில் தலைகாட்டி, மறுவருடம் விற்பனைக்கு வந்தது. அதற்கும் முன்னால் குட்டி மினி கூப்பர், 1964-லும் 65-லும் 67-லும் மான்டி கார்லோ ராலியில் பெரிய பெரிய வண்டிகளை ஓரங்கட்டியது. அந்தக் குடும்பப் பெயரை ஐ20-க்குக் கொடுப்பதை வெளிநாட்டு ரசிகர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 998 சிசி டர்போ இன்ஜின், 120 குதிரைத்திறன் என்பது அவர்களுக்குக் கொஞ்சம் 'வெதுவெதுப்பு'தான். ஆனால் விழுப்புரம் காந்தி சிலை வரைக்கும் அது போதும், மீந்தும் கிடக்கும்.

சரி, தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் என்ன வித்தியாசம்?

மாட்டு வண்டியில் மாடு முன்னால் நின்று இழுக்கிறது. தள்ளுவண்டியில் ஆள் பின்னால் நின்று தள்ளுகிறார். ஹேட்ச்பேக்கில் முன்சக்கரங்களே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தால் அந்த இரண்டு டயர்களுக்கும் வேலை கூடிப்போய், ஸ்டீயரிங் லேசாக ஒரு பக்கம் இழுக்கும். திருப்பத்தில் வேகமாக நுழைந்தால் வண்டி நினைத்ததைவிட அகலமாக வெளியே ஓடப் பார்க்கும். செடானில் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. முன்சக்கரம் திரும்பும், பின்சக்கரம் தள்ளும். வேகம் எடுக்கும்போது எடை பின்னால் சாய்வதால் தள்ளுகிற டயருக்குப் பிடிமானம் கூடும். 3 சீரிஸில் முன்னும் பின்னும் எடையைக் கிட்டத்தட்ட சரிபாதியாகப் பகிர்ந்திருப்பார்கள். அதனால்தான் ஒருமுறை ஓட்டியவர்கள் அந்த ஸ்டீயரிங்கைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறார்கள். 190 குதிரைத்திறன் உள்ள 320டி நூறு கிலோமீட்டர் வேகத்தை ஏழு நொடி சில்லறையில் தொடும். ஐ20-க்குப் பத்து நொடிக்குக் கொஞ்சம் குறைவு.

இந்த வித்தியாசம் புரிய நான்கு வழிச்சாலை உதவாது. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலைதான் சரி. வழியில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் கல்வெட்டில் சொல்லிக்கொண்ட குடைவரை அங்கேதான் இருக்கிறது. அவசியம் இறங்கிப் பார்க்க வேண்டிய இடம். அங்கிருந்து பாறைக் குன்றுகள் தலைதூக்கும். வளைவும் நெளிவுமாக வந்து செஞ்சியில் ராஜகிரி சுமார் 800 அடி உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை இது. டெல்லி பாதுஷாவிடம் யாருக்கும் அடங்காமல் நின்ற குதிரையை அடக்கியவர் என்று கதைப்பாடல்கள் கொண்டாடுகிற தேசிங்கு ராஜா ஆண்டதும் இங்கேதான். 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இளம் வயதிலேயே உயிர்விட்டார். குதிரைத்திறனில் மயங்குகிறவர்கள் கதையின் இரண்டாம் பாதியையும் படித்துக்கொள்வது நல்லது.

ஏனென்றால் இந்தச் சாலைகள் வெறும் சாலைகள் இல்லை. அறுவடைக் காலத்தில் அவையே களம். கொள்ளு, கேழ்வரகு, உளுந்து என்று கொடியோடு பரப்பிப் போட்டிருப்பார்கள். தாழ்வான காரின் அடியில் காய்ந்த கொடி சுற்றிக்கொண்டு, சூடான சைலன்சரில் பட்டுத் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. கரும்பு வெட்டும் பருவத்தில் முண்டியம்பாக்கம் பக்கம் டிராக்டர்கள் இரண்டு டிரெய்லர் கட்டிக்கொண்டு இருட்டில் ஊர்ந்து போகும். பின்னால் விளக்கு எரியும் என்று நம்பி ஓட்ட முடியாது. நான்கு வழிச்சாலையிலோ, யு-டர்ன் தூரம் என்று எதிர்த்திசையில் வரும் டூவீலர்கள். இங்கே காரின் உண்மையான பரிட்சை வேகம் எடுப்பதில் இல்லை, நிறுத்துவதில் இருக்கிறது. இரண்டு கார்களிலும் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் உண்டு. ஆனால் தேய்ந்த டயரோடு வரும் பழைய பி.எம்.டபிள்யூவைவிட, நல்ல டயர் போட்ட எந்தக் காரும் மேல். வேகத்தின் எல்லையைத் தொட்டே பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இருக்கிறது.

மழை வந்தால் கணக்கு இன்னும் மாறும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் மட்டும் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அரசூரில் வெள்ளம் நெடுஞ்சாலையை மறித்து, சென்னை – திருச்சி போக்குவரத்தே நின்றது. ஈரத்தில் பின்சக்கர வண்டியின் ஆக்ஸிலேட்டரைத் திருப்பத்தில் அவசரப்பட்டு மிதித்தால் பின்பக்கம் வழுக்கித் திரும்பப் பார்க்கும். முன்சக்கர வண்டி வழுக்கினாலும் கால் எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். 3 சீரிஸில் இதைப் பிடித்து நிறுத்த மின்னணுக் கட்டுப்பாடு இருக்கிறது, அது நன்றாகவே வேலை செய்யும். சென்சார்கள் உயிரோடு இருக்கும்வரை.

பழைய காரில் அந்த 'இருக்கும்வரை'தான் பெரிய செலவு. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பி.எம்.டபிள்யூ ஷோரூம் கிடையாது. எச்சரிக்கை விளக்கு ஒன்று எரிந்தால் சென்னைப் பயணம்தான். பல 3 சீரிஸ் கார்கள் ரன்-ஃபிளாட் டயரோடு வந்தவை. பஞ்சர் ஆனாலும் கொஞ்ச தூரம் மெதுவாக ஓடும், நல்ல விஷயம். ஆனால் டயரின் பக்கவாட்டில் வெட்டு விழுந்து ராத்திரி செஞ்சியில் நின்றால், அந்த அளவு டயர் உள்ளூர்க் கடையில் தொங்கிக்கொண்டிருக்காது. டெல்லி நம்பர் வண்டி மலிவு என்று பாய்கிறவர்களும் உண்டு. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்குத் தலைநகரில் தடை விதிக்கப்பட்டதால் வந்தது அந்த மலிவு. என்.ஓ.சி. வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு வரியும் கட்டிய பிறகு கூட்டிப் பார்த்தால் சிரிப்பு குறைந்துவிடும்.

அப்படியானால் ஹேட்ச்பேக்கே ஜெயித்ததா? அவ்வளவு சுலபமில்லை. 2022-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில், இரண்டு ஏர்பேக் கொண்ட சாதாரண ஐ20-க்குக் கிடைத்தது மூன்று நட்சத்திரம். உடற்கூடு உறுதியாக இல்லை என்றும் குறிப்பு எழுதினார்கள். அதற்குப் பிறகு ஐ20-ன் எல்லா ரகத்திலும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது. பழைய 3 சீரிஸ் 2012-லேயே ஐரோப்பியச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இரண்டும் வேறு வேறு சோதனைகள், நேராக ஒப்பிட முடியாது. இருந்தாலும் முண்டியம்பாக்கம் மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் திரும்புவதை ஒருமுறை பார்த்தவர்கள் இந்த வரியை லேசாகத் தாண்டிப் போக மாட்டார்கள். பின்சீட்டில் பெல்ட் போடாத குடும்பத்துக்கு எந்த நட்சத்திரமும் உதவாது என்பது தனிக்கதை.

இடம் என்று வந்தால் ஒரு சுவாரஸ்யம். டிக்கி செடானுக்கு 480 லிட்டர், ஐ20-க்கு 311. ஆனால் பின்சீட்டில் ஆட்டம் மாறுகிறது. பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு காரின் நடு வயிற்றில் ஓடுவதால், தரையில் மேடாக ஒரு திட்டு. நடுவில் உட்காருகிறவர் காலைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பரப்பிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் நடுவில் உட்காருவது பாட்டி. முன்சக்கர ஓட்டத்தில் அந்தத் தண்டே இல்லை, தரை ஏறத்தாழ சமம். என் லைனின் சஸ்பென்ஷன் சாதாரண ஐ20-ஐவிடக் கொஞ்சம் விறைப்பு. ஸ்பீடு பிரேக்கரில் பாட்டிக்குத் தெரியும்தான். ஆனால் கால் வைக்க இடமிருக்கும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் நின்று, வருடத்துக்கு ஒரு லட்சமாவது பராமரிப்புக்கென்று தனியாக எடுத்துவைக்க முடிகிறவர்கள், நல்ல சர்வீஸ் வரலாறு உள்ள 3 சீரிஸை வாங்கி ஞாயிற்றுக்கிழமை காலை செஞ்சிக்குக் கிளம்பலாம். பொறாமைப்படத் தகுந்த வாழ்க்கை அது. ஒரே கார்தான், அதுவே ஆஸ்பத்திரிக்கும் மேல்மலையனூர் அமாவாசைக்கும் ஓட வேண்டும் என்றால், முன்சக்கரம் இழுக்கிற புதுக்காரே சரி. உறுதியான உடற்கூடு வேண்டும் என்பவர்கள் அதே விலையில் மோதல் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கிய வேறு டர்போ கார்களையும் ஒரு நடை பார்த்துவிட வேண்டும்.

ஷோரூம்காரர்கள் டெஸ்ட் டிரைவ் என்று நல்ல ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் சுற்றிக் காட்டுவார்கள். அதோடு நிற்காமல், பாட்டியை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு கேட்டால் கொஞ்சம் மோசமான சாலைக்கும் சம்மதிப்பார்கள். பழைய கார் என்றால் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்கச் சொல்ல வேண்டும். திரும்பி வந்து இறங்கியதும் பாட்டி முதலில் முழங்காலைத் தேய்க்கிறாரா, இல்லை சாலையோரம் நுங்கு விற்கிறவரைக் கூப்பிடுகிறாரா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம்.