செவலைக் குதிரை வாங்கப் போகிறவர்களுக்கு...

குதிரை என்றதும் பலருக்கும் சினிமாவில் வரும் ராஜாக்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் காரைக்குடி - திருப்பத்தூர் சாலையில் உள்ள மானகிரி வட்டாரத்தில் குதிரைக்கு இன்றும் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, அய்யனார் கோவிலில் மண்குதிரையாக நிற்பது. மற்றொன்று, திருவிழா சமயத்தில் குதிரை வண்டிப் பந்தயத்தில் ஓடுவது. மண்குதிரையை வேளாரிடம் சொல்லிச் செய்து, புரவி எடுப்பு அன்று ஊரே சுமந்து போகும். உயிருள்ள குதிரையை வாங்க எங்கே போவது?

தமிழ்நாட்டில் பலரும் சொல்லும் பெயர் அந்தியூர். இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஈரோடு மாவட்டத்தில் உள்ள அந்தியூர் குருநாதசாமி கோவிலின் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். திப்பு சுல்தான் காலத்திலிருந்தே நடக்கிறது என்று சொல்வார்கள். கத்தியவார், மார்வாரி, நாட்டுக்குதிரை என்று பல இனங்கள் அங்கே வரும்.

வாங்குபவர்களில் பலர் முதலில் பார்ப்பது நிறத்தையும் சுழியையும்தான். செவலை என்றால் உடல் முழுக்கச் செம்பழுப்பாக இருக்கும். பிடரி மயிரும் வாலும் அதே நிறத்திலோ இன்னும் வெளுத்தோ இருக்கும். பிடரி கறுப்பாக இருந்தால் அது செவலை இல்லை. தாய், தந்தை இரண்டும் செவலையாக இருந்தால் குட்டியும் செவலைதான். "செவலை ஜோடிக்குப் பிறந்த கறுப்புக் குட்டி" என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்!

ஆனால் நிறம் ஓடாது, கால்தான் ஓடும். குளம்பில் வெடிப்பு இருக்கிறதா, நடக்கும்போது நொண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பல்லையும் பிடித்துப் பார்க்க வேண்டும். ஐந்து வயது வாக்கில் முன்பற்கள் எல்லாமே நிலைப்பற்களாகிவிடும். அதன் பிறகு பல் தேய்வதை வைத்துத்தான் வயதைக் கணிப்பார்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டி, கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. அது மனிதர்களுக்கும் தொற்றக்கூடிய கொடிய நோய்.

குதிரை வியாபாரத்தில் ஏமாறுவது பாண்டிய நாட்டுக்குப் புதிதல்ல. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோவில் பணிக்குச் செலவழித்ததும், நரிகள் பரிகளாக வந்து இரவில் மீண்டும் நரிகளானதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தத் திருப்பெருந்துறைதான் இன்று அறந்தாங்கி பக்கத்தில் உள்ள ஆவுடையார்கோவில்.

அது புராணம். வரலாறு இன்னும் வேதனையானது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, இந்த நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபு நாட்டுக் குதிரைகளை வாங்கினார்கள் என்றும், ஆண்டு முடிவில் மிகச் சிலவே உயிரோடு மிஞ்சின என்றும் எழுதியிருக்கிறார். காரணம்? பராமரிக்கத் தெரியவில்லை! புல் தின்னும் பிராணிக்கு இறைச்சியும் சோறும் கொடுத்தார்களாம். குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகள் இங்கே வரவிடவில்லை என்றும் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம் நடக்கும்!

இன்றும் ஆசைக்கு வாங்குகிறவர்கள் தடுக்கி விழுவது இதே இடத்தில்தான். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 6 கிலோ உலர்தீவனமும் 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரும் வேண்டும். கொள்ளு நல்லதென்று ஒரே வேளையில் அள்ளிப் போட்டால் குடல் வலி வந்துவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் சாதாரணமாகத் தெரியும் வயிற்று வலியே உயிரைப் பறித்துவிடலாம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவ வேண்டும். பந்தயம் இல்லாத மாதங்களிலும் அதற்குப் பசிக்கும். வைத்திருக்க முடியாமல் தெருவில் விடப்பட்ட குதிரைகள் குப்பைத்தொட்டியில் பிளாஸ்டிக் பையைத் தின்பதைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் காணலாம்.

ஆகவே வாங்குகிறவர் விலை பேசும் முன் ஒரு வருடத் தீவனச் செலவைக் கணக்குப் போட வேண்டும். லாடம் அடிக்கத் தெரிந்தவரும் குதிரைக்கு வைத்தியம் பார்ப்பவரும் பக்கத்தில் இருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். விற்கிறவரும் குதிரையின் வயதையும் நோயையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதெல்லாம் முடியாது என்றால், அய்யனாருக்கு ஒரு மண்குதிரை நேர்ந்துகொள்ளலாம். அதற்குப் பசிக்காது!