பவுன்ஸ் ஆன செக்கும் சயனைட் மலை மணலும்

பேங்க்ல இருபது வருஷத்துக்கு மேல குப்பை கொட்டின எனக்கு பவுன்ஸ்னா ஒரே அர்த்தம்தான். கணக்குல காசில்லாம செக் திரும்பி வர்றது. அதனால மெல்பர்ன்ல கோல்ஃப் கடைக்காரப் பையன், "சாண்ட் வெட்ஜா? பவுன்ஸ் எவ்வளவு வேணும்?"னு கேட்டப்ப, "பவுன்ஸே வேணாம்பா"ன்னு பழக்க தோஷத்துல சொல்லிட்டேன். அவன் சிரிக்கலை. பங்கர்ல மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்களுக்கு பவுன்ஸ் நிறைய இருந்தாத்தான் நல்லதுன்னு, லாஃப்ட் 56 டிகிரி, பவுன்ஸ் 14 டிகிரின்னு இருந்த ஒரு வெட்ஜைத் தலையில கட்டி அனுப்பிட்டான்.

(பி.காம் படிச்சவனுக்கு கோல்ஃப் எதுக்குன்னு கேக்காதீங்க. நாற்பது தாண்டினதும் டாக்டர் நடக்கச் சொன்னார், ஆபீஸ்ல கூப்பிட்டாங்க, போனேன். அவ்வளவுதான்.)

பவுன்ஸ்னா என்னன்னு வீட்டுக்கு வந்துதான் படிச்சேன். மட்டையைத் தரையில வெச்சுப் பக்கவாட்டுல பாருங்க. அடிப்பாகம் தட்டையா இருக்காது. முன் விளிம்பை விடப் பின்பக்கம் கொஞ்சம் தொங்கும். தரைக்கும் அந்தச் சரிவுக்கும் நடுவுல இருக்கிற கோணம்தான் பவுன்ஸ். 4லேர்ந்து 6 வரைக்கும் கம்மி, 7லேர்ந்து 10 வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல நிறைய. கம்மியா இருந்தா மண்வெட்டி மாதிரி உள்ள இறங்கும். நிறைய இருந்தா குழிக்கரண்டியோட வயிறு மாதிரி மணல்ல வழுக்கிக்கிட்டுப் போகும்.

பங்கர்ல பந்தை நேரா அடிக்கக் கூடாது. ரெண்டு இஞ்ச் பின்னாடி மணலை அடிக்கணும், மணல்தான் பந்தைத் தூக்கி வெளிய போடும். அதுக்கு மட்டை உள்ள போகவும் வேணும், போய்ப் புதைஞ்சிடவும் கூடாது. ஜீன் சாராசன்னு ஒரு அமெரிக்கர், விமானத்துல போகும்போது வால் இறங்கி மூக்கு தூக்குறதைப் பார்த்து, மட்டைக்கு அடியில ஈயத்தைப் பத்த வெச்சு இதைச் சரி பண்ணினாராம். 1932ல இங்கிலாந்துல நடந்த ஓபன் போட்டியை அந்த மட்டையோடதான் ஜெயிச்சார். நடந்த ஊர் பேரு சாண்ட்விச். நம்ம ஆள் யாராவது எழுதியிருந்தா, கதைக்காக வெச்ச பேருன்னு சொல்லியிருப்போம்.

சரி, 14 டிகிரி வாங்கியாச்சே, பிரச்சனை தீர்ந்துச்சான்னா, இல்லை. முன்னாடி பந்து பங்கரை விட்டு வெளியவே வராது. இப்ப கிரீனைத் தாண்டி அந்தப் பக்க பங்கர்ல போய் விழ ஆரம்பிச்சுது. மட்டை மணல்ல பட்டதும் எகிறி, விளிம்பு பந்தோட வயித்துல போய் இடிக்குது. செக் எந்தக் கவுண்டர்ல போட்டாலும் திரும்பி வருது! கூட ஆடற மலையாளி நண்பர், "சார், உங்க மேல தப்பில்லை, வேற விளையாட்டு பாருங்க"ன்னார்.

டிசம்பர் லீவுல ஊருக்குக் கிளம்பும்போது அந்த வெட்ஜையும், நண்பர்கிட்ட கடன் வாங்கின 8 டிகிரி வெட்ஜ் ஒண்ணையும் பெட்டியில போட்டுக்கிட்டேன். தங்கமணி ஒரு பார்வை பார்த்தாங்க. ஊர்னா கோலார் தங்க வயல். அங்க எதுக்கு கோல்ஃப் மட்டைன்னா, எங்க நைனா சின்ன வயசுல ஒரு கேடி.

அந்த கேடி இல்லீங்க. நம்ம பக்கம் கேடின்னா போலீஸ் ஸ்டேஷன்ல போட்டோ மாட்டியிருக்கிற ஆளு. இவர் கோல்ஃப் கேடி. தங்க வயல்ல வெள்ளைக்காரத் துரைமார் காலத்துலயே கோல்ஃப் மைதானம் உண்டு. 1880ல ஜான் டெய்லர் கம்பெனி வந்து சுரங்கத்தை எடுத்து நடத்தினப்ப, கிளப், பங்களா, டென்னிஸ்னு அவங்க ஊரையே கொண்டுவந்து இறக்கிட்டாங்க. 1956ல சுரங்கம் மைசூர் அரசாங்கத்து கைக்கு வந்துச்சு, துரைகள் போய் நம்ம ஆபீசருங்க ஆட ஆரம்பிச்சாங்க. அறுபதுகள்ல நைனாவுக்கு பன்னெண்டு, பதிமூணு வயசு. ஞாயித்துக்கிழமை பை தூக்கிட்டு வந்தா சில்லறை கிடைக்கும். அப்புறம் மில்லுல வேலை. 2001 பிப்ரவரி 28ல சுரங்கத்தை மூடுற வரைக்கும் அங்கதான்.

மில்லைப் பத்திச் சொல்லணும். ஒரு டன் பாறையை மாவா அரைச்சா கிடைக்கிறது சில கிராம் தங்கம். சயனைட் தண்ணியில கரைச்சு அதை எடுத்துட்டு மிச்சம் அத்தனையும் வெளிய கொட்டணும். நூறு வருஷத்துக்கு மேல கொட்டினதுதான் ஊரைச் சுத்தி நிக்கிற சயனைட் மலைங்க. காத்து அடிச்சா சோத்துல எல்லாம் வெள்ளை மாவு விழும். இப்ப சினிமாக்காரங்க வந்து போறதால உலகத்துக்கே தெரியுது. எங்களுக்கு அது கண் எரிச்சலும் இருமலும். மில்லுல அரைச்சதை மணல் தனி, சேறு தனின்னு பிரிப்பாங்க. மணல்ல தண்ணி இறங்கும், சேத்துல இறங்காது. நைனா ரெண்டு விரலால தேச்சே எது எதுன்னு சொல்லிடுவார்.

மட்டையைக் கையில குடுத்தேன். தலையை ஆட்டிப் பார்த்தார். கட்டை விரலால அடியில தடவினார்.

"இன்னாடா, இம்மாம் வயிறு வெச்சிக்கினு கீது? உங்க ஊரு மண்ணு எப்பிடி இருக்கும்?"

"கெட்டியா இருக்கும் நைனா. மேல ஒரு விரல் கடைக்கு லூஸா, கீழ தரை மாதிரி."

"அப்ப எகிறாம இன்னா பண்ணும்?"

அவ்வளவுதான். மெல்பர்ன் தெற்குப் பக்கம் சாண்ட்பெல்ட்னு ஒரு வட்டாரம். 1926ல அலிஸ்டர் மெக்கென்சி வந்து ராயல் மெல்பர்ன் மைதானத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தார். அந்தப் பக்கத்து பங்கருங்க கெட்டியா நிக்கிற மணலுக்குப் பேர் போனது. நான் ஆடறது சாதாரண பப்ளிக் மைதானம்னாலும் மண்ணு அதே மண்ணுதான். கடைக்காரன் என் ஆட்டத்தைப் பத்திக் கேட்டானே தவிர, எந்த மண்ணுல ஆடறேன்னு கேக்கலை. நானும் சொல்லலை. லோன் கேட்டு வர்றவங்ககிட்ட ஆயிரம் கேள்வி கேக்கிறவன் நான்!

மறுநாள் காலையில காத்து எழும்புறதுக்கு முன்னாடி, மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் போனோம். (அம்மா திட்டினதை எழுதினா பதிவு நீண்டுடும்.) மலை மேல ஏறலை. மழைத்தண்ணி ஓடின ஓடை வாய் ஒண்ணு ரோட்டோரமா இருக்கு. ஒரு வாரம் முன்னாடி மழை. ஒரு பக்கம் அடிச்சுக்கிட்டு வந்து விட்ட மணல் காஞ்சு பொலபொலன்னு கிடக்கு. பத்தடி தள்ளி மேல்தோல் இறுகி அப்பளம் மாதிரி. இது பங்கர் மணலை விட ரொம்ப நைஸ்தான், ஆனா கெட்டியும் பொலபொலப்பும் பக்கத்துப் பக்கத்துல வேற எங்க கிடைக்கும்?

பொலபொல மணல்ல 8 டிகிரி நேரா உள்ள இறங்கி நின்னுடுச்சு. பந்து ரெண்டடி உருண்டுச்சு. அதே இடத்துல 14 வெண்ணெயில கத்தி போற மாதிரி போச்சு. இறுகின இடத்துல அப்படியே தலைகீழ். 14 டணால்னு எகிறுது, 8 அளவா சீவிக்கிட்டுப் போகுது. மெல்பர்ன்ல ஆறு மாசம் புரியாதது அரை மணி நேரத்துல புரிஞ்சுது.

"எப்பிடி நைனா முன்னாடியே கண்டுபிடிக்கிறது? மணலைக் கையால தொடக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

"கால் இன்னாத்துக்கு கீது? நிக்க சொல்ல திருகி நில்லு. குதிகால் புதைஞ்சா லூசு, புதையலன்னா கெட்டி. நான் அப்பிடி நின்னுதான் ஆபீசருக்கு சொல்லுவேன்."

2019ல விதிகளைத் திருத்தினப்பவும் இதுல மாத்தம் இல்லை. மணலைச் சோதிச்சுப் பார்க்கணும்னே கையாலயோ மட்டையாலயோ தொடக் கூடாது. ஆனா நிக்கிறதுக்காகக் காலைத் திருகி ஊனலாம். 

வாங்கப் போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். உங்க மைதானத்துல மெத்துன்னு நிறைய மணல் இருந்தா, இல்லை நீங்க செங்குத்தா வெட்டி அடிக்கிற ஆளா இருந்தா 12, 14. கெட்டி மணல், ஈர மணல், படுக்கையா இழுத்து அடிக்கிற கைன்னா 8க்குப் பக்கம். ஒரே ஒரு வெட்ஜ்தான்னா 10 எடுங்க. முகத்தை வானம் பார்க்கத் திறந்து பிடிச்சா பவுன்ஸ் தானா கூடும், அதனால கம்மியை நிறையவாக்கலாம். நிறையவைக் கம்மியாக்குறது கஷ்டம். டிகிரி ஒண்ணே பார்த்தும் ஏமாறாதீங்க, அடிப்பாகம் அகலமா இருந்தா அதே எண்ணுல இன்னும் வழுக்கும். பந்து பாதி புதைஞ்சு ஆஃப் பாயில் மாதிரி கிடந்தா மட்டும் முகத்தைத் திறக்காம நேரா வெச்சு வெட்டுங்க. அங்க மண்வெட்டிதான் வேணும்.

கிளம்பும்போது கேட்டேன், "நீ ஒண்ணு அடிக்கிறியா நைனா?"

"நான் தொடச்சிக் குடுத்துகிறேன். அடிச்சதில்லையே."

எழுபத்தஞ்சு வயசுல முதல் அடி. ரெண்டு தடவை மணல்தான் பறந்துச்சு, பந்து நகரலை. மூணாவது தடவை காலை நல்லா திருகி ஊனினார். பந்து மெதுவா எழும்பி ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்துச்சு. அவர் அதைப் பார்க்கக் கூட இல்லை. மூக்குல கட்டின துண்டை அவிழ்த்து மட்டை முகத்தைச் சுத்தமா துடைச்சு, கைப்பிடி என் பக்கம் இருக்கிற மாதிரி திருப்பி நீட்டினார்.

8 டிகிரியை நண்பருக்குக் காசு குடுத்து வாங்கிட்டேன். 14 அங்கேயே லைன் வீட்டுக் கதவுக்குப் பின்னாடி நிக்குது. பாம்பு வந்தா ஆகும்னு அம்மா சொல்றாங்க.