மேமோகிராம் வரிசையில் நின்ற அண்ணன்

விடுதி மாணவர்களோடு வேலை செய்யும் எங்களிடம் யாரும் நேராகச் சொல்லாத விஷயம் இது. சட்டையோடே குளிப்பான், கபடிக்கு வரமாட்டான், தோளைக் குறுக்கியே நடப்பான். நண்பர்கள் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும். மார்பு வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

1930இல் இராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்மீது போடப்பட்ட தடைகளில், ஆண்கள் இடுப்புக்கு மேல் துணி உடுத்தக் கூடாது என்பதும் ஒன்று. ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். சட்டை நமக்குச் சும்மா வந்ததல்ல. அதற்குள் ஒரு பையன் ஒளிந்துகொள்வதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பருவ வயதில் இது சாதாரணம். ஹார்மோன் ஏற்ற இறக்கத்தில் காம்புக்குப் பின்னால் சுரப்பித் திசு தட்டுபோலத் திரளும், தொட்டால் வலிக்கும். பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் தானாக வற்றிவிடும். சிலருக்கு வெறும் கொழுப்புதான். மருத்துவர் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம், ஸ்கேன்கூட வேண்டாம். விளம்பரத்தை நம்பி அறுவை சிகிச்சைக்குக் கடன் வாங்காதீர்கள் தோழர்களே.

ஐம்பதைத் தாண்டிய துப்புரவுத் தொழிலாளி அண்ணன் ஒருவரின் கதை வேறு. ஒரு பக்கம் மட்டும், காம்பை விட்டு விலகி, கல்போலக் கட்டி. 'கொழுப்புதான், குடியைக் குறை' என்று முதலில் போன இடத்தில் அனுப்பிவிட்டார்கள். தொட்டுப் பார்க்காமலே. எந்தத் தீண்டாமைக் கணக்கில் இதை எழுதுவது?

மார்பகப் புற்றுநோயாளிகளில் ஆண்கள் 100க்கு ஒருவருக்கும் குறைவு. அதனாலேயே யாரும் நினைப்பதில்லை, கண்டுபிடிக்கும்போது முற்றியிருக்கிறது. சந்தேகம் வந்தால் 25 வயதுக்குக் கீழே முதலில் அல்ட்ராசவுண்ட், அதற்கு மேல் மேமோகிராம். சுரப்பி வீக்கம் படத்தில் காம்புக்குப் பின்னால் விசிறிபோல விரியும். புற்றுக்கட்டி பெரும்பாலும் ஓரமாக, ஒழுங்கற்ற விளிம்போடு தெரியும். படம் சந்தேகத்தைக் கிளப்பினால் ஊசியால் திசு எடுத்துப் பார்த்தே உறுதி செய்வார்கள்.

சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் கையோடு கொண்டுபோங்கள். ஸ்பைரனோலாக்டோன் போன்றவை வீக்கம் தரும். கல்லீரல் கெட்டாலும், தொழுநோய் விதைகளைத் தாக்கினாலும், விதையில் கட்டி இருந்தாலும் வரும். விதைப்பையைச் சோதிக்கக் கேட்டால் கூச்சப்படாதீர்கள்.

மேமோகிராம் அறை வாசலில் பெண்கள் வரிசை. அண்ணன் திரும்பிவிடப் பார்த்தார். எங்கள் தோழி கூடவே நின்றார். உள்ளே இருந்த டெக்னீஷியன் அக்கா, 'தட்டு கொஞ்சம் அழுத்தும்ணே, மூச்சைப் பிடிச்சுக்கோங்க' என்றார், தினமும் ஆண்களுக்கே படம் எடுப்பவர்போல.

திசு முடிவு அடுத்த வாரம் வரும். அன்றைக்குக் கூலி போகாமல் யார் கூடப் போவது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.