கஞ்சியில் பாதி தறிக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பாவு நீட்ட முடியாது. அதற்கு வெயில் வேண்டும், தெரு காய்ந்திருக்க வேண்டும். மற்ற மாதங்களில் விடியற்காலையிலேயே தெரு நீளத்துக்குப் பட்டு இழையை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டு, ஆளுக்கொரு பக்கம் நின்று இழை பிரித்து உலர்த்துவார்கள். அடைமழையில் அது நடக்காது. வீட்டுக்குள்ளே குழித்தறியின் கால்குழியில் தண்ணீர் ஊறும். அப்பா சொம்பால் மொண்டு மொண்டு கொட்டிவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்வார். சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. அதுவரை அரிசிப்பானையின் அடியை அம்மா அடிக்கடி தடவிப் பார்ப்பாள்.

அந்த மாதங்களில்தான் ஆயா கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். மழை விட்ட காலையில் நானும் கூடவே ஓடுவேன். வேகவதி ஆற்றங்கரையில் மண் இளகிக் கிடக்கும். பண்ணைக்கீரையின் உச்சிக் கொழுந்து, குப்பைக்கீரை, மூக்கரட்டை, முள் முற்றாத முள்ளுக்கீரை, தண்ணீர் ஓரத்தில் பொன்னாங்கண்ணி. வேலியில் படர்ந்த கோவை இலையை மட்டும் எண்ணித்தான் போடும்; கூடினால் கசந்துவிடும். சாயப்பட்டறைத் தண்ணீர் வந்து விழுகிற வாய்க்காலுக்குக் கீழே ஓர் இலையைத் தொடவிடாது. "அது பட்டு குடிச்ச தண்ணிடா, நமக்கு ஆவாது" என்று என் சட்டையைப் பிடித்து இழுக்கும். இன்றைக்கு அந்த ஆறு ஊர்ச் சாக்கடையைத்தான் சுமக்கிறது. ஆயா இருந்தால் மேலேயும் கீழேயும் எங்கேயும் பறிக்க விட்டிருக்காது.

பறித்துவந்ததெல்லாம் சேர்ந்து கலவைக்கீரை. ஆய்வதற்கே ஒரு பொழுது போகும். முந்தின இரவே ஊறப்போட்ட காராமணியை மண்சட்டியில் முக்கால் பதம் வேகவைத்து, அதன்மேல் கீரையைத் திணித்து, பச்சை மிளகாய், பூண்டு, கொட்டைப்பாக்களவு புளி. மூடக்கூடாது, நிறம் செத்துவிடும் என்பது ஆயாவின் சட்டம். வெந்ததும் தண்ணீரை வடித்துத் தனியே வைத்துக்கொண்டு மத்தால் கடையும். அந்தத் தண்ணீரில் உப்புப் போட்டு எனக்கு ஒரு டம்ளர்.

கடைசலுக்கு உயிர் தாளிப்பு வடகம். சித்திரை வெயிலில் மாடியில் நடக்கிற வேலை அது. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நசுக்கி, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்து விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருண்டை பிடிப்பார்கள். பகலெல்லாம் காயும். சாயங்காலம் உடைத்து மறுபடி பிசைந்து உருட்ட வேண்டும். உருண்டை கறுத்து, கல்லாக இறுகும்வரை தினமும் இதே பாடு. பக்கத்திலேயே கொத்தவரை வற்றலும் மாங்காய் வற்றலும் காயும். காக்கை விரட்டுவது என் உத்தியோகம். ஐப்பசியில் அந்த உருண்டையைக் கொஞ்சம் கிள்ளி எண்ணெயில் போட்டால் போதும், தெருமுனையில் பம்பரம் விட்டுக்கொண்டிருப்பவனுக்கும் வீட்டில் களி கிண்டியாகிவிட்டது என்று தெரிந்துவிடும்.

சாப்பிட்டதும் சாம்பல் போட்டுக் கை கழுவ வேண்டும். எண்ணெய்க் கையோடு தறிப்பக்கம் போனால் அடிதான். கோர்வைச் சேலைக்குக் கரை தனியாக, உடல் தனியாக நாடா ஓடுகிற வேலை. அப்பாவுக்கு மறுபக்கம் இன்னொரு கை வேண்டும். பள்ளிக்கூடம் விட்டால் அந்தக் கை என்னுடையது. அங்கே உட்கார்ந்து பசியோடு நாடா தள்ளும்போதெல்லாம் மூக்கு அடுப்படியிலேயே இருக்கும்.

பின்னால்தான் யோசித்தேன். அந்தத் தறியில் இருந்த எதுவும் எங்கள் ஊரில் விளைந்ததில்லை. பட்டு கர்நாடகத்திலிருந்து வந்தது, ஜரிகை சூரத்திலிருந்து. எங்கள் மண்ணின் பங்கு பாவுக்குப் போட்ட கஞ்சி மட்டும்தான். தட்டில் இருந்ததோ பெரும்பாலும் நடந்துபோய் எடுத்துவரக்கூடியது. கொல்லையில் ஆடியில் ஊன்றிய அவரை மார்கழியில் பந்தலை மூடும். கூரைமேல் பரங்கி. ஏரி கோடி போனால் தாமல் பக்கத்திலிருந்து மாமா கெண்டையும் குறவையும் ஓலைப்பையில் கொண்டுவருவார். புரட்டாசியில் மட்டும் அந்தப் பேச்சே கிடையாது, வரதர் ஊர் அல்லவா.

அந்த வரதர் கோயில் இட்லிதான் வெளியூரில் காஞ்சிபுரத்துக்குப் பேர். பச்சரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மணிக்கணக்காக அவிப்பது. எங்கள் வீட்டில் நெய்க்கு வழியில்லை. நல்லெண்ணெய் விட்டு டம்ளரில் அவித்து, அதையும் தீபாவளிக்குத்தான் ஆயா செய்யும். 1979இல் அத்தி வரதரைச் சேவிக்க வந்த சொந்தக்காரர்கள் அதைக் கேட்டார்கள். கிடைத்தது கூழும் முருங்கைக்கீரையும். அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது எங்கள் முருங்கைமரம் மொட்டையாக நின்றது.

இதையெல்லாம் நான் பெருமையாகச் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது. கீரைக்கூடையை அவள் முந்தானையால் மூடித்தான் தெருவுக்குள் எடுத்துவருவாள். இந்த வீட்டில் இன்றைக்கு உலை இல்லை என்று பக்கத்து வீடு தெரிந்துகொள்ளும் என்று கூச்சம். தையில் கல்யாணச் சேலை வேலை வந்து முதல் கூலி கைக்கு வந்ததும் ராஜாஜி மார்க்கெட்டுக்குப் போய் அவள் வாங்கியது உருளைக்கிழங்கு. காசு கொடுத்து வாங்கிய கிழங்கை மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டு மொறுமொறுவென வறுத்து, ஆயா பக்கம் பார்க்காமல் எங்களுக்குப் பரிமாறுவாள். ஆயா அதைத் தொடாது.

போன கார்த்திகையில் கட்டுக்கட்டாய் விற்ற கலவைக்கீரையை, சொன்ன விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போனேன். அம்மா பிரித்துப் பார்த்தாள். "இதுக்கா காசு குடுத்த?" என்று சிரித்தாள். கடைந்து கொடுத்தாள், குறையில்லாமல்தான் இருந்தது. தனக்கு மட்டும் இரண்டு உருளைக்கிழங்கை எடுத்து நறுக்க உட்கார்ந்தாள்.