மூன்று நாள் காப்புறுதியில் ஸ்கந்தவேலுக்கு

காலை 9.40 மணி. எம்4 நெடுஞ்சாலையில், லீ டெலமியர் ஓய்வுத்தலத்தின் கார் நிறுத்தத்தில் ஒரு குடும்பம் ஃபிளாஸ்க் தேநீரோடு காத்திருக்கிறது. ஈஸ்ட் ஹாமிலிருந்து இதுவரை அப்பாதான் ஓட்டிவந்தார். முழங்கால் வலி. இனி 19 வயது மகளின் முறை. ஆனால் அவளுக்கு இன்னும் காரின் திறப்பு கிடைக்கவில்லை.

“பத்து மணி ஆகட்டும் பிள்ளை. அதுக்குப் பிறகு தாறன்.”

மகள் வாங்கிய தற்காலிகக் காப்புறுதி வெள்ளி காலை 10 மணிக்குத் தொடங்கி, திங்கள் காலை 10 மணிக்கு முடிகிறது. தொடங்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் அவள் வண்டியை நகர்த்தினாலும், சட்டத்தின் கண்ணில் அது காப்புறுதி இல்லாத பயணம். பின் இருக்கையில் இருந்த அம்மம்மாவுக்கு இது விளங்கவில்லை. காருக்குத்தான் முழு இன்சூரன்ஸ் இருக்கிறதே, பிறகு பிள்ளைக்கு எதற்குத் தனியாக?

தமிழ்நாட்டிலிருந்து பிரிட்டன் போகும் பலரும் தடுமாறும் இடம் இதுதான். இந்தியாவில் காப்பீடு வண்டியோடு போகிறது. உரிமையாளர் சம்மதித்து, ஓட்டுபவரிடம் செல்லுபடியாகும் உரிமமும் இருந்தால் பொதுவாகப் போதும். பிரிட்டனில் அது பெரும்பாலும் ஆளோடு போகிறது. பத்திரத்தில் யார் யார் பெயர் இருக்கிறதோ, அவர்கள்தான் ஓட்டலாம். பெற்ற மகளாக இருந்தாலும் பெயர் இல்லையென்றால் இல்லைதான்.

அவர்கள் போவது வேல்ஸுக்கு, கார்மார்தன்ஷயர் மலைச்சரிவிலுள்ள ஸ்கந்தவேலுக்கு. இலங்கையிலிருந்து வந்த குரு சுப்ரமணியம் 1973இல் தொடங்கிய ஆசிரமம் அது. பெயரின் பொருள் ஸ்கந்தனின் பள்ளத்தாக்கு. பிரிட்டன் தமிழர்களுக்கு அது முருகன் கோவில். ரயிலில் கார்மார்தன் வரைதான் போகலாம். அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் கார்தான் வழி.

வீட்டில் முதலில் வாடகைக் காரைப் பற்றித்தான் பேச்சு எழுந்தது. அது சீக்கிரமே அடங்கிவிட்டது. பிரிட்டனின் பெரிய வாடகை நிறுவனங்களில் 21 வயதுக்குக் கீழே கார் கிடைப்பது அரிது. பல இடங்களில் 23, சில வகை வண்டிகளுக்கு 25. அந்த வயதை எட்டினாலும், 25 நிறையும்வரை ‘யங் டிரைவர்’ கட்டணம் என்று நாள்தோறும் தனியாகக் கட்ட வேண்டும். உரிமம் எடுத்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கின்றன. மகள் சோதனையில் தேறி எட்டு மாதம்தான். அப்பா வாடகைக்கு எடுத்து மகளைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்க்கலாமே என்றால், கூடுதல் ஓட்டுநருக்கும் அதே வயது வரம்புதான்.

அப்பாவின் ஆண்டுக் காப்புறுதியில் அவள் பெயரைச் சேர்ப்பது இரண்டாவது வழி. மூன்று நாளுக்காக அதைத் திருத்தினால் கட்டணம் ஏறும். அதைவிட, அவள் எங்காவது இடித்துவிட்டால் அப்பா இழப்பீடு கேட்காமல் ஆண்டுக்கணக்கில் சேர்த்த ‘நோ கிளெய்ம்ஸ் போனஸ்’ சலுகை போய்விடலாம்.

எஞ்சியது தற்காலிகக் காப்புறுதி. ஒரு மணி நேரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம்வரை கிடைக்கிறது. கார்டிஃபைத் தலைமையிடமாகக் கொண்ட அட்மிரல் நிறுவனத்தின் வேகோ, டேஇன்ஷுர், எடின்பரோவில் தொடங்கிய குவ்வா என்று பல பெயர்கள். வண்டி எண், உரிம எண், முகவரி கொடுத்தால் கைபேசியிலேயே சில நிமிடங்களில் பத்திரம் வந்துவிடும். இது அப்பாவின் பத்திரத்திலிருந்து வேறானது. விபத்து நடந்தாலும் அவருடைய போனஸுக்குப் பொதுவாகச் சேதமில்லை. இளையவர்களுக்கு நாள் கணக்கில் பார்த்தால் விலை கூடத்தான். 12 விழுக்காடு காப்புறுதி வரியும் அதற்குள் அடக்கம். ஆனாலும் மூன்று நாளுக்கு இதைவிடச் சரியான வழி வேறில்லை.

அம்மாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. “பொம்பிளைப் பிள்ளையளுக்குக் காசு குறைவெண்டு கேள்விப்பட்டனான். அப்பிடி இல்லையோ?”

“அது அந்தக் காலம் அம்மா.”

மகள் சொன்னது சரி. ஆண், பெண் என்று பார்த்து விலை வைப்பது கூடாதென்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. 2012 டிசம்பர் 21 முதல் அந்தச் சலுகை இல்லை.

பத்து மணி. திறப்பு கைமாறியது. அரை மணிக்குள் செவர்ன் ஆற்றின் முகத்துவாரம் விரிந்தது. 1996இல் திறந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் பாலம் ஐந்து கிலோமீட்டருக்குமேல் நீளம். முன்பு வேல்ஸுக்குள் நுழையப் பணம் கட்ட வேண்டியிருந்தது. 2018 டிசம்பர் முதல் கட்டணம் இல்லை. பக்கக் காற்றில் கார் லேசாக ஆட, அவள் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். அப்பா வாய் திறக்கவில்லை. அதுவே பெரிய பாராட்டு.

பாலத்துக்கு அப்பால் கார்டிஃப், போர்ட் டால்பட், பிறகு ஸ்வான்சீ. ஓட்டுநர் உரிமங்களையெல்லாம் வழங்கும் டி.வி.எல்.ஏ. அலுவலகம் ஸ்வான்சீயின் மோரிஸ்டனில்தான் இருக்கிறது. உரிமத்தோடு தந்த, தண்டனைப் புள்ளிகள் பதிந்த காகித இணைப்பை 2015 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். இப்போது வாடகைக் கார் எடுப்பவர் இணையத்தில் ஒரு குறியீடு எடுத்துக் காட்டினால், அவருடைய தண்டனைப் புள்ளிகளை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். அந்தக் குறியீடு 21 நாள் செல்லும்.

அந்தப் புள்ளிகள்தான் இளம் ஓட்டுநர்களின் தலைக்குமேல் தொங்கும் கத்தி. காப்புறுதி இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதமும் ஆறு புள்ளிகளும். வழக்கு நீதிமன்றம் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. வண்டியைக் காவல்துறை எடுத்துச் செல்லலாம். உரிமம் பெற்ற இரண்டு ஆண்டுக்குள் ஆறு புள்ளிகள் சேர்ந்தால் உரிமமே ரத்து. எழுத்துத் தேர்விலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். “பக்கத்துக் கடைக்குத்தானே” என்று நண்பனின் காரை எடுத்து, அந்த ஒரு தடவையிலேயே எல்லாவற்றையும் இழக்க முடியும் என்பதை எந்தப் பெற்றோரும் பிள்ளைக்குச் சொல்லாமல் விடக் கூடாது. எண் பலகையைப் படிக்கும் கேமராக்கள் சாலை நெடுகிலும் இருக்கின்றன.

இன்னொரு தவறும் நம் குடும்பங்களில் சாதாரணமாக நடக்கிறது. பிள்ளை தினமும் ஓட்டும் காருக்கு, விலை குறைய வேண்டுமென்று அப்பாவை முதன்மை ஓட்டுநராகக் காட்டுவது. அது மோசடி. விபத்து நடந்த பிறகுதான் அது வெளியே வரும். அப்போது பத்திரம் கைகொடுக்காது.

கார்மார்தன் தாண்டியதும் சாலை ஒடுங்கியது. இரு பக்கமும் ஆள் உயர வேலி. எதிரே டிராக்டர் வந்தால் ஒருவர் பின்வாங்கத்தான் வேண்டும். ஊர்களுக்குள் பெரும்பாலும் மணிக்கு 20 மைல். 2023 செப்டம்பரில் வேல்ஸ் கொண்டுவந்த வரம்பு. ஆசிரமத்துக்குள் கார் நின்றபோது அம்மம்மா முதலில் பேத்தியின் தலையைத் தடவினார். முருகன், மகாசக்தி, ரங்கநாதர் என்று மூன்று கோவில்கள். பூசைக்கும் சாப்பாட்டுக்கும் காசு வாங்குவதில்லை. நடத்தும் துறவிகளில் பலர் வெள்ளைக்காரர்கள். அவர்கள் முருகனுக்கு ஆரத்தி காட்டுவதை அம்மம்மா கண்கொட்டாமல் பார்த்திருந்தார்.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்திய உரிமத்தில் பிரிட்டனில் 12 மாதம் கார் ஓட்டலாம். ஆனால் தற்காலிகக் காப்புறுதி தருவோரில் எல்லோரும் வெளிநாட்டு உரிமத்தை ஏற்பதில்லை, வாங்குமுன் கேளுங்கள். இந்தக் காப்புறுதி வாடகைக் காருக்குப் பொருந்தாது. வாடகைக் காரில் சேதத்தின் முதல் பகுதியை நீங்களே கட்ட வேண்டும்; அதை ‘எக்செஸ்’ என்பார்கள். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் பெரும்பாலும் காப்புக்கு வெளியே. ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

திங்கள் காலை 11 மணிக்கு ஈஸ்ட் ஹாம் வீட்டில் கறிவேப்பிலை தீர்ந்துபோயிருந்தது. மகள் கடைக்கு நடந்தே போனாள். அவளுடைய காப்புறுதி ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருந்தது.